பொன்னையா என்று ஒரு வாக்கு

நவ. 3, திங்கள்
ஈரப்பனி. வெக்ஸ்போர்ட் பஸ் இருபது நிமிடம் பிந்தியது. மாலை வகுப்பில் கட்டுரைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது யப்பானில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி. அதன் தேர்தல் வரலாறு. ஐம்பத்தாறு வயதில் பட்டம் முடிக்க வெளிக்கிட்டவனுக்கு இது வேண்டும்.

செய்ய: பிரஷர் குளிசை. பழைய தேர்தல் முடிவுகள் (நூலகம்). 22ஆம் திகதி அம்மாவின் முதல் வருட ஆட்டைத் திவசம், ஐயருக்குச் சொல்ல. தம்பி குலத்துக்கு?

நவ. 5, புதன்
நூலகம். எல்லாத் தேர்தலும் ஒரே கட்சி, கொட்டாவி. ஒரு தேர்தலில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு வேட்பாளருக்கு முதற்பெயர் ஒன்று. நம்மைப் போலத்தான் எழுதுகிறார்கள், தகப்பன் பெயர் முதலில். அண்ணன் தம்பி! வாக்கைப் பிரித்து மூன்றாமவனை வெல்ல வைத்திருக்கிறார்கள்.

ஊர்ச்சங்கத் தலைவர் தேர்தலில் நானும் குலமும் செய்த அதே கூத்து. மூன்று வருடம், பேச்சில்லை. அம்மாவின் செத்தவீட்டிலும் ஆளுக்கொரு பக்கம்.

அடுத்த தேர்தலில் அந்த இருவரில் ஒருவர்தான் நின்றார், வென்றார். யாரோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் ஒன்பது பக்கம்.

பி.கு. அவர்கள் இருவரின் வாக்கிலும் தசமப் புள்ளி. வாக்கில் ஏது தசமம்? அச்சுப்பிழை. அழித்துவிட்டேன்.

நவ. 8, சனி
விட்பியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு போன் எடுத்தேன். குலத்தின் மனைவி.
“அவர் குளிக்கிறார் அண்ணை.”
யப்பான் கதை முழுவதும் சொன்னேன். திவசத்தைச் சேர்ந்து செய்வோம் என்றும்.
“யப்பானோ? ஓம் அண்ணை, சொல்லிவிடுறன்.”
என் மனைவி கலா சிரிக்கிறாள். “உந்த யப்பான்காரர் சொன்னாத்தான் தம்பியோட கதைப்பியளோ?”

நவ. 12, புதன்
குலம் திருப்பி போன் எடுக்கவில்லை.

கட்டுரை திரும்பி வந்தது. அவர்கள் அண்ணன் தம்பி இல்லையாம். முதலில் வருவது தகப்பன் பெயர் அல்ல, குடும்பப் பெயர். அங்கே தெருவுக்குப் பத்துப் பேருக்கு அந்தப் பெயர். மற்றவர் அடுத்த முறை நிற்காதது விட்டுக்கொடுத்து அல்ல. செத்துப்போனார். ஒன்பது பக்கமும் குப்பை.

தசமமும் பிழையில்லை. அங்கே வேட்பாளர் பெயரை வாக்காளரே கையால் எழுத வேண்டும். இருவருக்கும் பொதுவான பெயரை மட்டும் எழுதினால் சீட்டை எறிய மாட்டார்களாம். அவரவர் வாங்கிய வாக்கின் விகிதப்படி இருவருக்கும் பிரித்துக் கொடுப்பார்களாம். பஸ்ஸில் இரண்டு தரிப்புத் தாண்டிப் போய்விட்டேன்.

நவ. 13, வியாழன்
வேலைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

சங்கத் தேர்தலிலும் பெயர் எழுதித்தான் போட்டோம். ஒரு சீட்டில் ‘பொன்னையா’ என்று மட்டும். அப்பாவின் பெயர், எங்கள் இருவரின் பெயருக்கும் முன்னால் வருவது. செயலாளர் தூக்கிக் காட்டினார்: “செத்துப்போன பொன்னையருக்கும் ஒரு வோட்டு!” மண்டபமே சிரித்தது. செல்லாத வாக்கு.

நான் முன்வரிசை. அந்த ‘னை’யைக் கண்டேன். தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. அம்மாவின் கை. அப்பாவின் பெயரை வாயால் ஒரு நாளும் சொல்லாத மனிசி எழுதிப் போட்டிருக்கிறா.

நானும் சிரித்தேன். “அம்மா உங்களுக்குத்தான் போட்டவ” என்று குலம் என்னைப் பார்த்துக் கத்தியபோதும் வாய் திறக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமாக இருக்கிறது.

நவ. 21, வெள்ளி
குலமே போன் எடுத்தான். சீட்டைப் பற்றிச் சொன்னேன்.
“அம்மா இருக்கேக்க ஏன் சொல்லேல்லை அண்ணை? கடைசி மட்டும் அவவோட நான் முகம் குடுத்துக் கதைக்கேல்லை, தெரியுமோ?”
தெரியும் என்றேன்.
“இஞ்ச ஐயருக்குச் சொல்லியாச்சு. நீங்கள் அங்க செய்யுங்கோ.”

நவ. 22, சனி
பனி கொட்டுகிறது. ஐயர் நேரத்துக்கு வந்துவிட்டார். கத்தரிக்காய் கொஞ்சம் கருகிவிட்டது. ஐயர் அம்மாவின் பெயர் கேட்டார், பிறகு அப்பாவின் பெயர். இரண்டும் சொன்னேன். அம்மாவுக்கு இன்றைக்கு இரண்டு வீட்டில் படையல். விட்பியில் எத்தனை மணிக்கு என்று கேட்க மறந்துவிட்டேன்.