பூதியின் அடுப்புக்கு நெருப்பு

நலம் பெருகுக. புன்னையாறு வற்றாதிருக்க. அவ்வாற்றின் இரு கரையும் ஆள்பவளும், புன்னைப்பூக் கொடி உயர்த்தவளும், முடிசூடிப் பதினோராம் ஆண்டில் நிற்பவளுமாகிய தண்மதி நாச்சியார், ஆம்பல்துறை நகரின் காவலரும், வெள்ளத்திலும் வறட்சியிலும் நம் பக்கம் நின்றவருமாகிய எயினன் சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் மனையாளுக்கும், கொள்ளைக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கதவடைத்திருக்கும் நகரத்தார் அனைவருக்கும் நம் வாழ்த்து சேர்க. இவ்வோலை வேம்பும் மஞ்சளும் இட்ட புகையில் காட்டப்பட்டே வருகிறது. அஞ்சாமல் கையில் எடுக்கவும்.

முந்தாநாள் நீர் எழுதியது கண்டோம். களஞ்சியத்து இருப்பையும் மருத்துவச்சாலையின் நிலையையும் விரிவாக எழுதிவிட்டு, கடைசி வரியில், இடம் போதாமல் நெருக்கிய எழுத்தில், அடுப்புத் தெருவில் கஞ்சி விற்கும் பூதி என்பவள் மூன்று நாளாக வடக்கு வாயிலில் பானையைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்றும், காய்ச்சல் தீரும்வரை வாயில் திறக்கலாகாது என்று சொல்லியும் எழ மறுக்கிறாள் என்றும், அவளைச் சிறையிலிடுவதா வெளியே விடுவதா என்றும் கேட்டிருந்தீர். சாத்தனாரே, முதலில் எழுத வேண்டியதைக் கடைசியில் எழுதினீர்.

ஓலை கொணர்ந்த வீரனைத் தாழ்வாரத்துக்கு அப்பால் நிறுத்தி, அவள் சொன்னதை அவள் வாய்ச்சொல்லாகவே சொல்லுமாறு கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னான். “அரண்மனை அண்டா எரியறப்ப நாங்க அடுப்பு மூட்டக் கூடாது சாமி, அது மரியாதை. நாப்பது நாளா எரியுது. நல்லா எரியட்டும், ஊரு சாப்பிடட்டும். ஆனா இது ஆக்கிப் போட்ட கை, ஏந்தி நிக்க வரமாட்டேங்குது. அக்கரையில எங்கயாச்சும் ஒரு அடுப்பு மூட்டிக்கிறேன், விட்டுடுங்க” என்றாளாம்.

திருவிழா நாளில் கோட்டை முற்றத்தில் அண்டா ஏறினால், அடுப்புத் தெருவின் பன்னிரண்டு கடைகளும் தம் அடுப்பை அணைத்துவிட்டு நம்மோடு உண்ண வருவது பழைய வழக்கம். ஒரு நாள் வழக்கம். காய்ச்சல் வந்து சந்தை அடங்கியபோது, நகரில் ஒருவரும் பசித்திருக்கலாகாது என்று நாமே அண்டாவை ஏற்றச் சொன்னோம். அன்று நமக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது; அதை ஒளிப்பானேன்? பசியை நினைத்தோம், வழக்கத்தை மறந்தோம். ஒரு நாள் மரியாதையை நாற்பது நாள் தண்டனையாக்கினோம். தெருவார் ஒருவராவது வந்து சண்டை பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. நாம் இப்படியே நடத்தினால் காய்ச்சல் போன பின் நகரம் இருக்கும், அடுப்புத் தெரு இராது.

அண்டாவால் நோயாளிக்காவது நிறைவு உண்டா என்றால் அதுவும் இல்லை. இரண்டு வாய் குடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்றும், வலைஞர்கள் பூதியின் கஞ்சியையும் தச்சர்கள் அதே தெருக் காடனின் இடியாப்பத்தையும் கேட்டுப் புலம்புகிறார்கள் என்றும் மருத்துவர் நக்கனார் எழுதியிருக்கிறார். எண்ணூறு பேருக்கு ஒரே அகப்பையில் ஆக்கும்போது யார் நாக்கை நினைத்துப் பார்க்க முடியும்? இதை நம் அடுக்களைத் தலைவரிடம் சொல்லிவிடாதீர். மனிதர் ஒரு மாதம் முகம் கொடுக்க மாட்டார்.

ஆகவே நம் ஆணை இது. வாயில் திறக்கப்படாது, பூதி போனால் காய்ச்சலும் அக்கரைக்குப் போகக்கூடும். சிறை என்ற பேச்சும் வேண்டாம். இன்றே அண்டா இறக்கப்படுக. களஞ்சியத்து அரிசியும் பயறும் விறகும் பன்னிரண்டு கடைகளுக்கும் சென்று சேர்க. ஆக்குவோர் கை கழுவி, வாய்க்குத் துணி கட்டி, கடைக்குள் எவரையும் விடாது ஆக்கட்டும். வாயிலில் வேலூன்றிச் சும்மா நிற்கும் வீரர்கள் பானைகளைச் சுமந்து, அந்தந்த வீட்டு வாசலில் வைத்து விலகி நிற்கட்டும். எந்தப் பானை யார் ஆக்கியது என்று உண்பவருக்குச் சொல்லப்படுக. இது தானமன்று, அரண்மனை அவர்களிடம் வாங்குகிறது. உழைப்புக்குரியது அன்றன்றே அவர்கள் கையில் சேரவேண்டும்.

அண்டாவின் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாகாது. கங்குகளைச் சட்டியில் எடுத்து, நீரே சுமந்து, முதலில் வடக்கு வாயிலுக்குச் செல்லும். பூதிக்கு ஆணையிட வேண்டாம், கேளும். அரசி தவறு செய்தாள், பொறுத்துக்கொள்ளச் சொன்னாள் என்று தெருவே கேட்க உரக்கச் சொல்லும். அவள் பானையை நிமிர்த்தினால், அந்தக் கங்குகளில் சிலவற்றை அவள் அடுப்பில் இட்டுவிட்டு மற்ற பதினொன்றுக்கும் செல்லும்.

இன்னும் ஒன்று, இது சபைக்குத் தெரியாது. இவ்வோலையின் எழுத்து கோணியிருப்பதைக் கண்டிருப்பீர். எழுத்தரை அருகே விடாமல் நாமே எழுதினோம். ஆறு நாளாக நமக்கும் காய்ச்சல். பயப்படாதீர், இறங்கி வருகிறது என்கிறார் நக்கனார். ஆனால் அண்டாக் கஞ்சி நமக்கும் இறங்கவில்லை. பூதி மனம் இரங்கி அடுப்பு மூட்டினால், முதல் கொதியில் ஒரு சிறு கலயம் நமக்கு வேண்டும். யாருக்கு என்று கேட்டால், கோட்டைக்குள் காய்ச்சலில் கிடக்கும் ஒருத்திக்கு என்று மட்டும் சொல்லும். அரசிக்கென்று தெரிந்தால் நெய்யும் ஏலமும் அள்ளிப் போட்டுவிடுவாள். வலைஞருக்கு ஊற்றுவதையே நமக்கும் ஊற்றட்டும்.

நாமே பதித்த புன்னைப்பூ முத்திரை இது. ஓலை கண்ட பொழுதே செய்க. கஞ்சி ஆறுமுன் வருக.