ஆச்சார்யா பட்டமும் ஏலக்காய் மேசையும்

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து தூறல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. குடைக் கம்பி சரிசெய்யக் கொடுக்க வேண்டும்.

எச்.எம். கூப்பிட்டார். பள்ளித் தாளாளருக்கு (இனி தா.) ஞாயிறு மணிவிழா. ஏலக்காய் வியாபாரி, பள்ளிக்கூடமும் அவருடையது. ஆசிரியர்கள் சார்பில் வாழ்த்து மடல், கூடவே 'ஆச்சார்யா' பட்டம். எழுதி வாசிப்பது நான்.

"டீச்சருக்குத்தான சமஸ்கிருதம் தெரியும். பட்டத்துக்கு அர்த்தம் நாலு வரி எழுதி, ஐயா பேரப் போட்டு முடிச்சிருங்க. சின்னச் சோலி."

சின்னச் சோலியாம். தமிழ் டீச்சருக்கு எதற்குச் சமஸ்கிருதம் என்று வீட்டில் சிரித்தார்கள் என்பதற்காகவே வீம்புக்குத் தபாலில் படித்தது. இப்படியா பயன்பட வேண்டும்.

6, வியாழன்

பழைய சமஸ்கிருத நோட்டு கிடைத்தது. பாதி கரையான்.

ஆசாரம் என்றால் நடத்தை. அதிலிருந்து ஆச்சார்யர். அவருக்கு மூன்று வேலை:
- நூல்களின் பொருளைத் திரட்டுவது
- பிறரை அதன்படி நடக்க வைப்பது
- தானும் அப்படியே நடப்பது

மூன்றாவதுதான் இடிக்கிறது.

உபாத்தியாயர் வேறு. ஏதோ ஒரு பகுதியை மட்டும், பிழைப்புக்காகச் சொல்லிக் கொடுப்பவர். வாத்தியார் என்பது அங்கிருந்து வந்தது. அது நான். சம்பளம் வாங்குகிறேன், பாடம் நடத்துகிறேன். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆச்சார்யரின் மனைவிக்கு ஒரு பெயர், தானே ஆசிரியையாக இருந்த பெண்ணுக்கு வேறு பெயர். அந்தக் காலத்திலேயே. இவரிடம் சொன்னேன்.

"அப்ப டீச்சரோட வீட்டுக்காரனுக்கு?"

"ஒரு பேரும் இல்ல. அடுப்புல பருப்பு இருக்கு, பாருங்க."

8, சனி

தா.வின் குடோன். சீசனில் சனிக்கிழமைதோறும் ஆசிரியைகள் எட்டுப் பேரும் ஏலக்காய் தரம் பிரிக்க வேண்டும். சம்பளத்தோடு சேர்த்தியாம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் ஜீப் ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போய்விடுகிறார்கள் என்று மூன்று வருடமாக இதே கதை. பச்சை ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். திங்கட்கிழமை சாக்பீஸ் பிடித்தாலும் விரலில் அதே வாசனை.

கணக்கு டீச்சர் செல்விக்கு ஆறாவது மாதம். இடுப்பு வலி.

"ஐயா, மத்தியானத்தோட போகட்டுமா?"

தா. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெரசா முடிச்சா வெரசா போகலாம்மா. நாமெல்லாம் ஒரே குடும்பந்தான."

குடும்பத்தில் அவர் மட்டும் ஒரு காயைத் தொடவில்லை. ஆத்திரத்தில் என் பங்கை எல்லாம் ஒரே குவியலாகக் கொட்டினேன். பிறகு நானே பிரித்தேன். இல்லையென்றால் அதுவும் செல்வி தலையில்தான் விழும்.

மாலை மடலை எச்.எம்.மிடம் காட்டினேன்.

"பேரக் காணோமே டீச்சர்?"

"நீங்களே எழுதிருங்க சார்."

படித்தார். மூன்றாவது வேலையில் நின்றார். பேனாவைத் திறந்தார், மூடினார். "மேடையில பாத்துச் சொல்லிக்கங்க."

9, ஞாயிறு

மண்டபம் நிறையக் கூட்டம். கேசரியில் ஏலக்காய் தூக்கல். மேடை ஏறினேன். மூன்று வேலையையும் வாசித்தேன். பிறகு மைக்கில் சொன்னது, மறக்குமுன் அப்படியே:

"ஐயா ஒரு சனிக்கிழமை எங்களோட மேசையில உக்காந்து ஏலக்காய் பிரிக்கட்டும். அன்னைக்கு இந்தப் பட்டத்த நானே கொண்டாந்து தர்றேன். அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

மடலைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டார்.

10, திங்கள்

மெமோ. நடந்ததற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டுமாம். வேலை போகலாம். பயமாகத்தான் இருக்கிறது.

"போனா போகட்டும். சிலமலைத் தோட்டத்துல தக்காளி போட்டுருக்கோம்ல" என்றார் இவர்.

பதில் எழுதிக் கொடுத்தேன்: 'விளக்கம் மடலிலேயே உள்ளது. மூன்றாவது வேலையைப் பார்க்கவும்.'

குடை இன்னும் கொடுக்கவில்லை.

15, சனி

நல்ல வெயில். மலை பளிச்சென்று. குடோனுக்குப் போகவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை.

பத்தரைக்கு எச்.எம். போன். "எட்டுப் பேருமே வரலியே டீச்சர். ஐயா மட்டும் மேசையில தனியா உக்காந்துருக்காரு."

"பிரிக்கிறாரா?"

"காயையே பாத்துக்கிட்டு இருக்காரு."

மடல் கைப்பையில்தான் இருக்கிறது. செல்விக்குப் போன் போட்டேன். அவள் மாமியார் எடுத்தார். தூங்குகிறாளாம், எழுப்பட்டுமா என்றார்.

வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.