முடக்கில் வலை இறங்கிய வருடம்

1979 மார்ச் 3, சனி. கிண்ணியா

"மாஸ்டர், இந்தத் தண்ணியில ஆர் தொழில் செய்யினம்?"

கடற்றொழில் கந்தோர் அதிகாரி இராஜநாயகம் போன கிழமை பாதைப் படகால் இறங்கி வந்து என்னிடம் கேட்ட கேள்வி. கண்டல் மரங்கள் சூழ்ந்த சிறு நீர்வளைவான எங்கள் முடக்கின் வாயில் நின்றோம். நான் பதில் சொல்லுமுன் என் மனைவி பரீதாவின் தம்பி ஆதம்பாவா முந்திக்கொண்டான். "இப்ப ஒருத்தனும் இறங்கமாட்டான் ஐயா. நாங்க விடமாட்டம்."

பெருமையாகத்தான் சொன்னான். மாரி ஓய்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியப் பள்ளிவாசலில் அறிவித்து, முடக்கின் வாயில் வெள்ளைத் துணி கட்டிய கம்பை நடுவோம். அதைப் பிடுங்கும்வரை உள்ளே வலை இல்லை. கண்டல் வேர்களுக்குள் இறால் குஞ்சு வளரும் காலம் அது. வளர்ந்தவை கொட்டியாரக் குடாவுக்கு இறங்கும். ஊர் அங்கே பிடிக்கும். ஆதம்பாவா வீட்டு அடுப்பு எரிவது அந்த இறாலில்தான்.

அதிகாரி துணியைப் பார்த்தார். ஏதோ எழுதினார். என்ன எழுதினார்?

மார்ச் 12

தெரிந்துவிட்டது. தபால் கந்தோர்ச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. இறால் ஏற்றுமதியைப் பெருக்குவதற்காக, "தொழில் நடைபெறாத" நீர்நிலைகளைக் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்போகிறார்களாம். எங்கள் முடக்கும் அதில் ஒன்று. கண்டலை வெட்டி, ஆழமாக்கி, வாயை மறித்துக் கட்டுவார்கள். ஆட்சேபிப்பவர்கள் அங்கே தொழில் செய்வதற்கு அத்தாட்சியுடன் மாத முடிவில் திருகோணமலை அரச நிர்வாகக் கச்சேரிக்கு வர வேண்டும்.

நின்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். வழக்கம்போல் ஓர் உதாரணமும் சொன்னேன்: தவணை விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகளே இல்லை என்று கட்டடத்தைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா?

ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்ச் 14

ஊரில் வேறு கதை இல்லை.

மார்ச் 17

இஷாத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம். ஆதம்பாவா எழும்பினான்.

"அத்தாட்சிதானே கேக்கிறான்? எல்லாத் தோணியையும் உள்ளுக்கு இறக்குவம். பிடிச்சதைச் சாக்கில கட்டிக் கச்சேரி மேசையில கொட்டுவம்."

"கம்பு நட்டிருக்கே, தம்பி" என்றேன்.

"கம்பாலதான் மச்சான் வந்த வினை!"

மதிலுக்கு அப்பால் கருவாடு காயவைத்து விற்கும் ஆமினா உம்மாவின் குரல் கேட்டது. "அந்த வெள்ளத் துணியக் கழட்டி வைங்கடா. மையித்தப் போர்த்தவாவது உதவும்."

அதற்கு மட்டும் சிரித்தார்கள்.

நான் விடவில்லை. விதை நெல்லை அவித்துத் தின்றுவிட்டு நானும் கமக்காரன் என்று காட்டுவதா என்று கேட்டேன். ஆதம்பாவா என்னைத் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கென்ன மச்சான், மாசம் பிறந்தா பென்சன் வரும். நீங்க உதாரணம் சொல்லலாம்."

ஒரு கிழமை தாருங்கள், கந்தோருக்குப் போய் வருகிறேன் என்று மட்டும் கேட்டேன். தந்தார்கள்.

மார்ச் 20

திருகோணமலை. இராஜநாயகம் மரியாதையாகக் கதிரை தந்தார், தேத்தண்ணீரும் வந்தது. எல்லாவற்றையும் விளக்கினேன். குஞ்சு வளரும் முடக்கை வெட்டினால், கம்பனி குடாவில் எதைப் பிடித்து ஏற்றுமதி செய்யும்?

பேனையை மூடி வைத்தார். "விளங்குது மாஸ்டர். கொழும்பில கேக்கிறது எவ்வளவு ஏத்தலாம் எண்டு. குஞ்சு எங்க வளருது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேளாததை நான் எங்க எழுதுறது?"

"நீங்கள் எழுதுங்களேன்."

"எழுதினா என்னை மொனராகலைக்கு மாத்துவாங்கள். அங்க கடலும் இல்லை, இறாலும் இல்லை." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "தொழில் நடக்குது எண்டு காட்டுங்கோ மாஸ்டர். வேற வழி இல்லை."

ஆதம்பாவா சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். ஊரில் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால்?

சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மார்ச் 24

இன்றைக்கு எழுதக் கை வரவில்லை.

விடிய முடக்கடிக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோணிகள் வரிசையாக வந்தன. ஆதம்பாவா முன்னால்.

"கையை எடுங்க மச்சான்."

"ஏலாது."

"உங்களத் தள்ளிப்போட்டுப் போக என்னால ஏலாது. பரீதா ராத்தா முகத்தில முழிக்க வேணும். கையை எடுங்க." அவனுடைய கண் கலங்கியிருந்தது.

எத்தனை பேரை அந்தத் தோணிகளில் பார்த்தேன். என்னிடம் அ, ஆ எழுதியவர்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் எத்தனை வாய். நான் யார்? — கையை எடுத்தேன். கம்பை அவனே பிடுங்கினான்.

சின்னக் கண் வலையால் வேரடிவரை வழித்தெடுத்தார்கள். குறுணி அரிசிபோல இறால் குஞ்சு, கரை முழுக்க. மத்தியானத்துக்குள் நாறத் தொடங்கிவிட்டது.

வீட்டில் பரீதா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தாள். "அவன் என்ட தம்பி. நீங்க என்ட புருசன். நான் எந்தக் கரையில நிக்கிற, சொல்லுங்க?"

மார்ச் 30

கச்சேரி. சாக்கை அவிழ்த்துக் கொட்டினார்கள். விசாரணைக் குழுத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் சொன்னதை இராஜநாயகம் தமிழில் சொன்னார்: தொழில் நடப்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் குஞ்சையே அள்ளுகிறவர்களின் கையில் நீர்நிலையை விட்டுவைப்பது நாட்டுக்கு நட்டம். கம்பனி இந்தப் பருவம் குடாவில் பிடித்துப் பார்க்கட்டும். பிறகு முடக்கில் வேலை தொடங்கலாம்.

சொல்லி முடிக்கும்வரை இராஜநாயகம் முகத்தை நிமிர்த்தவில்லை.

ஆதம்பாவா வெளியே வந்து மரத்தடியில் குந்தினான். அவனிடம் போக எழும்பினேன். போகவில்லை.

ஜூலை 9

கம்பனியின் இயந்திரப் படகுகள் வந்துவிட்டன. அடிக்கடலை இழுத்து வாரும் மடிவலை. இரவும் பகலும் சத்தம். எங்கள் தோணிகளும் போகின்றன. வெறும் வலையோடு வருகின்றன.

ஜூலை 21

கம்பனிக்கும் சாதாளைப் பாசிதான் வருகிறதாம்.

ஆகஸ்ட் 18

படகுகள் போய்விட்டன. இந்தக் குடாவில் இலாபமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தெற்குப் பக்கம் போனார்களாம். முடக்கில் கண்டல் அப்படியே நிற்கிறது. எங்கள் ஆட்சேபத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உள்ளே ஒன்றும் மிஞ்சாததால்தான் அது தப்பியது. இதை நான் யாருக்கு, எதற்கு உதாரணமாகச் சொல்வது?

ஆதம்பாவா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். பரீதா ஒவ்வொரு கிழமையும் அவன் வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறாள். எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை.

நவம்பர் 25

நல்ல மழை. ஆறு பெருகிக் கடலுக்குப் போகிறது.

1980 பெப்ரவரி 16, சனி

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு, கம்பு நட்டு முடக்கு மூடப்பட்டது. மூடுவதற்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பது ஒருவருக்கும் தெரியாது.

இன்று காலையில் வாசலில் ஆதம்பாவா நின்றான். தோளில் மூட்டைத் தழும்பு.

"மச்சான், பார்க்கப் போவமா?"

குசினியிலிருந்து வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தோணியில் வலை ஏற்றவில்லை. அவன் கம்பூன்றித் தோணியைச் செலுத்தினான். நான் வேரடியில் ஒரு கோப்பை அள்ளி மடியில் வைத்தேன். கலங்கல் அடையக் காத்திருந்தோம். ஒன்றுமில்லை. இன்னோரிடம். ஒன்றுமில்லை. அவன் தோணியை இன்னும் உள்ளே தள்ளினான்.

அடுத்த கோப்பையில் நெடுநேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு மிளகுத் துணிக்கைபோல இரண்டு கறுப்புக் கண். உடம்பு தண்ணீரோடு தண்ணீராகத் தெரியவே இல்லை. கண் மட்டும் நகர்ந்தது.

"இருக்கு" என்றான் ஆதம்பாவா. ஊன்றிய கம்பைத் தோணிக்குள் இழுத்து வைத்து, "இனி அள்ளாதீங்க மச்சான்" என்றான்.

இந்தக் கொப்பியை எடுத்து வாசிப்பவர் யாராக இருந்தாலும் ஒரு வேலை தருகிறேன். மாரி முடிந்தபின் கண்டல் வேரடியில் ஒரு வெள்ளைக் கோப்பை தண்ணீர் அள்ளுங்கள். கலங்கல் அடையும்வரை கையை ஆட்டாமல் இருந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும், அள்ளிய இடத்திலேயே மெதுவாக ஊற்றிவிடுங்கள்.