ஓட்டல் மேடையில் சங்கோ

அன்புள்ள நெரெய்தா,

மேளத்தைத் தூக்கக் குனிந்ததில் என் கால்சட்டை பின்னால் கிழிந்து ஹவானா ஓட்டலே சிரித்தது. மற்றபடி சுகம். மத்தன்சாஸில் நீயும் அத்தையும் நலமா?

பயப்படாதே, ஒன்று சொல்கிறேன். நேற்று மேடையில் நம் ஊர் இடானியா சங்கோ சாமி வேஷத்தில் ஆடும்போது, பூசையில் மட்டுமே அடிக்க வேண்டிய அழைப்புத் தாளத்தை அடித்துவிட்டேன். அவள் தோள் உதறியது, கண் செருகியது.

"நிறுத்தாதேய்யா, கூட்டம் கைதட்டுது!" என்றார் மேனேஜர்.

சாமி வந்துவிட்டால் இங்கே யார் மலையேற்றுவது? தாளம் நிற்கட்டும் என்று மேளத்தைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்துவிட்டேன்.

இடானியா தெளிந்ததும், "என்னப்பா, தாளம் மறந்துபோச்சா?" என்றாள்.

"வயசாச்சேம்மா."

நீ கோத்த, சங்கோவுக்கு உகந்த சிவப்பு வெள்ளை மணிமாலை ஒன்று அனுப்பு. ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள்.

அவளிடம் சொல்லாதது இது: கை தவறவில்லை. இந்த ஊருக்கும் ஒருமுறை நம் சாமி வரட்டுமே என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

உன்
எவெலியோ