தொடர்பாளர் இப்போதுதான் வெளியே போனார்

திங்கட்கிழமை

பேரன்புக்கும், போன மாதத்திலிருந்து பெருமரியாதைக்கும் உரிய மருமகளே,

யாரும் நம்பப்போகாத ஒரு கதையை, மேசைமேல் அடித்துச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். மின்னஞ்சலில் எழுதினால் தலைமை அலுவலகத்தில் நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் தபால் பையில் காகிதமாக வருகிறது.

மக்கள் தொடர்புத் துறைக்கு நீ தலைவியானாய். தொழிற்சாலைக் கிளையில் அதே துறையின் பெஞ்சைத் தேய்க்கும் இந்தத் தாய்மாமனுக்கே மேலதிகாரியானாய். சேதி கேட்டு நான் அடித்த சல்யூட்டில் மின்விசிறி நின்றுவிட்டது.

இருக்கட்டும். உன் முதல் உத்தரவு கிடைத்தது. 'இரண்டாம் பிரிவை மூடப்போவதாகப் பரவும் வதந்தியில் உண்மையில்லை' என்று செய்தித் தொடர்பாளர் பெயரில் அறிக்கை விட வேண்டும். விடலாம். ஆனால் தொடர்பாளர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

அப்படி ஒருவரே இல்லையே என்பாய். இல்லைதான். தன் பெயரில் பேச எந்த மேலாளருக்கும் தைரியம் இல்லாததால் நம் துறை பெற்றெடுத்த பிள்ளை அவர். அவருக்கு மேசை உண்டு, நாற்காலி உண்டு, தொலைபேசி உண்டு. யார் தேடி வந்தாலும் நாங்கள் ஒரே குரலில், "இப்பதான் சார் வெளிய போனார்" என்போம். பல வருடமாக வெளியே போயிருந்தவர் போன வாரம் திரும்பிவிட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அவர் நாற்காலி சூடாக இருக்கிறது! தொட்ட விரல் கொப்பளித்துத் தீயணைப்பு வண்டியே வரவேண்டியதாயிற்று. மேசைமேல் காலி டீ டம்ளர். தட்டச்சு அம்மா அன்றிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறார்.

ஆவியைச் சமாதானப்படுத்த வழி சொல்.

கீழ்ப்படிந்து மேல்மூச்சு வாங்கும்
மாமா


புதன்கிழமை

அன்புள்ள மாமா,

படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். சின்ன வயதில் இப்படிக் கதை விட்டுவிட்டுத்தான் எனக்கு மருந்து புகட்டுவீர்கள். கடைசியில் மருந்து கசக்கத்தான் செய்யும்.

அறிக்கை எங்கே மாமா?

உங்களிடம் மறைக்கவில்லை. இரண்டாம் பிரிவை மூடுவது முடிவாகிவிட்டது. கையில் இருக்கும் ஆர்டர் முடியும்வரை தொழிலாளர்களுக்குத் தெரியக் கூடாதாம். தெரிந்தால் பாதிப் பேர் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள் என்கிறார் இயக்குநர். கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "முதல்ல நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிடலாமே" என்று வாய்வரை வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, சரி என்றேன்.

பதவிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது மாமா. என் நிலைமையையும் பாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சாப்பிட வரச் சொன்னாள்.

உங்கள்
குட்டி


வியாழக்கிழமை

என் தலைவியே, குட்டியே,

(இந்த இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று மனிதவளத் துறையிடம் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன்.)

உன் கட்டளையை நாற்காலிக்கு முன் நின்று உரக்க வாசித்தேன். தொழிற்சாலை முழுவதும் விளக்குகள் மங்கின. அறிவிப்புப் பலகையில் இருந்த ஊசிகள் ஒன்றுவிடாமல் உதிர்ந்தன. தொடர்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் சொல்லாத பொய்யெல்லாம் என் பேர்ல கிடக்குது. இதுக்காவது வேற ஆளப் பாருங்கப்பா" என்றார்.

ஆவி சொல்வதையும் கொஞ்சம் கேள் அம்மா. நீயே வா. இரண்டாம் பிரிவு வாசலில் நின்று உன் வாயால் சொல்லிவிடு. திட்டுவார்கள்தான். நான் உனக்கு முன்னால் நிற்கிறேன். என் உடம்பின் அகலத்துக்கு ஒரு வசவுகூட உன்மேல் படாது. சீக்கிரம் வா. இங்கே ஒவ்வொரு மதியமும் நாற்காலியின் சூடு ஏறிக்கொண்டே போகிறது.

நடுங்கும்
மாமா


வெள்ளிக்கிழமை

மாமா,

அறிக்கையை இங்கிருந்தே அனுப்பிவிட்டேன். செய்தித் தொடர்பாளர் பெயரில்தான். இந்நேரம் அங்கே பலகையில் ஒட்டியிருப்பார்கள். நல்லதோ கெட்டதோ, இந்தப் பேச்சு இதோடு முடியட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்துவிடாதீர்கள்.

தலைவர்,
மக்கள் தொடர்புத் துறை


சனிக்கிழமை

அன்புள்ள குட்டி,

எல்லாம் புளுகு. விளக்கு மங்கவில்லை, தீயணைப்பு வண்டியும் வரவில்லை. தொண்டையைச் செருமியது நான்தான். பேய் இல்லை.

நாற்காலி சூடாக இருந்தது மட்டும் நிஜம்.

இரண்டாம் பிரிவு வெல்டர் ஒருவர் மதிய இடைவேளைதோறும் வந்து அதில் உட்கார்ந்திருந்தார். வேறொரு கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. போவதா, இங்கேயே வேலை நிலைக்குமா என்று தொடர்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று இருந்தார். "இப்பதான் வெளிய போனார்" என்றேன். "பரவாயில்ல சார், இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தது நான். உன் புதன்கிழமைக் கடிதத்தைப் படித்த பிறகும் டீதான் வாங்கிக் கொடுத்தேன். கதை சொல்லி உன்னை வரவழைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

இன்றைக்குச் சிரித்த முகமாக வந்தார். "நோட்டீஸ் பாத்தேன் சார். மனசு நிம்மதியாச்சு. அந்தக் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிட்டேன். அவங்களும் வேற ஆளப் போட்டுட்டாங்களாம். ஐயா வந்தா ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, பிரிவை மூடப்போவதையும் தொடர்பாளர் என்று ஒருவர் இல்லாததையும் உள்ளபடி சொன்னேன்.

கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. பின்னால் கையை நீட்டி, நாற்காலி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தார். இடைவேளை முடிந்து சங்கு ஊதிவிட்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் இதை எழுதுவதையே எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். டீ வேண்டாமாம்.

"அப்ப அந்த நோட்டீஸ எழுதின ஐயா யாரு சார்?" என்று மட்டும் கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன். மறந்துவிடாமல் இருக்க, வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாமா