அந்தப் புட்டியை அலசினேனா?

வீட்டில் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை வந்ததும் நீ நினைவுக்கு வந்துவிட்டாய். உனக்கு எழுதி எங்கே போடுவது? இருந்தாலும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். சேலத்தில் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. "ஈயத்தைத் தொடாத சாதாரண ஜனங்க ரத்தத்துல அது எவ்வளவு இருக்குன்னு முதல்ல தெரியணும்ப்பா. அப்புறம்தான் யாருக்கு அதிகம்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர். ஆள் கிடைக்கவில்லை. அம்மாபேட்டை நூல் கடையில் குமாஸ்தாவாக இருந்த உன்னை இழுத்து வந்தேன். "என்ற ரத்தத்துல என்னத்தப்பா தேடறீங்க?" என்று சிரித்தாய். படிவத்தில் 'தொழில்: குமாஸ்தா' என்று எழுதியவன் நான்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் லாரிகளுக்குப் பெயர் எழுதப் போவாயே, பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவாயே, அதை எழுதவில்லை. அது எனக்குத் தொழிலாகவே தோன்றவில்லை. பெயின்டில் ஈயம் உண்டு என்று தெரியாதவனா நான்?

உன் அளவு எக்கச்சக்கமாக வந்தது. டாக்டர் கேட்டார்: "புட்டிய ஆசிட்ல அலசினியா?" ரத்தம் பிடிக்கும் புட்டியைச் சரியாக அலசாவிட்டால் அதிலிருந்தும் ஈயம் கலந்துவிடும். அலசினேன் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. "நெனப்பில்லைங்க" என்றேன். பட்டியலில் உன் அளவை அடித்துவிட்டு, மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

லாரிப் பட்டறைக்கு வந்தேன். "ஒருக்கா குத்துனது பத்தாதா? புட்டி அழுக்குன்னா புட்டியப் போயிக் குத்து சாமி" என்றாய். நானும் சிரித்துவிட்டுத் திரும்பினேன். நீ வெளியூர் போய்விட்டதாக டாக்டரிடம் பொய் சொன்னேன். அத்தோடு அவரும் விட்டுவிட்டார்.

நாலு வருஷத்தில் உன் வலது மணிக்கட்டு தொங்கிப்போனது. ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார், இன்னொருவர் சர்க்கரை என்றார். உடம்பில் ஈயம் ஏறினாலும் மணிக்கட்டு இப்படித் தொங்கும். உன் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்: "ஏனுங்கண்ணா, ஆசுபத்திரில இருக்கறவங்க நீங்க. இது எதுனாலங்க?" "தெரியலைங்கம்மா" என்றேன். அது பொய்யில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. நீ போன பிறகும் தெரியவில்லை. அந்த ஈயம் உன் ரத்தத்தில் இருந்ததா, என் புட்டியில் இருந்ததா? இப்போதும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கழுவினேனா என்று நின்றுவிடுகிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

சற்றுமுன் பெயின்டர் ஸ்டூலை நகர்த்தும்போது பிரஷ்ஷைப் பல்லில் கவ்வியிருந்தார். "வாயிலிருந்து எடுப்பா அத!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோய், "என்னாச்சுங்க ஐயா?" என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. பட்டறை வாசலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான். அதைச் சொல்ல எந்தப் புட்டியும் தேவைப்பட்டிருக்காது.