தம்பியைப் பற்றி ஐந்து நிமிஷம்

கொல்லம் ஆண்டு 1120, ஐப்பசி 3, வியாழன்

ரேடியோ ஸ்டேஷன் சூப்பிரண்டு வீடு தேடி வந்தார். தம்பி அழகியநம்பி செத்துப் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். அங்கே இன்ஜினியராக இருந்தவரை அவனுக்கு ஒரு நல்ல நாற்காலி கொடுக்காதவர், இப்போது ஐந்து நிமிஷம் கொடுக்கிறாராம். அடுத்த வெள்ளி சாயங்காலம் ஆறரைக்கு அவனைப் பற்றி வீட்டார் ஒருவர் ரேடியோவில் பேச வேண்டும். அவன் பெண்டாட்டி சிவகாமி நாற்பத்தொரு நாள் கழியாமல் வாசல்நடை தாண்டக் கூடாது. மிச்சம் நான்தான் – இரண்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றி விட்டவள்.

"பயப்படண்டா. பேச்சை நாங்களே எழுதித் தருவோம். வாசிச்சால் மட்டும் போதும், கேட்டோ."

"நான் வாசிச்சா ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குத்தான் முடியும். பரவால்லையா?"

மனுஷன் சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் மேலிடத்து உத்தரவு வேண்டுமோ என்னவோ.

ஐப்பசி 4, வெள்ளி

தாள் வந்தது. 'அன்னை மடியிலேயே மின்சார சாஸ்திரத்தில் நாட்டம் கொண்டார்' என்று தொடக்கம். மடியில் அவன் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். துணி அலசினவள் நான்தானே.

நான் எழுதினால் வேறுமாதிரி எழுதுவேன். துணி காயப்போடும் கொடியை அறுத்துவிட்டு அங்கே செம்புக் கம்பி கட்டினான். சிவகாமியின் தோசைக்கல்லை எடுத்து ஏதோ பெட்டிக்கு அடியில் வைத்தான். ஒரு மாதம் வீட்டில் தோசை இல்லை, ஜாவாவிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. யாரோ ஜாவாக்காரனோடு கம்பியில்லாத் தந்தியில் கட்டுக்கடகட என்று தட்டி ஒரு மணி நேரம் பேசுவான். பெண்டாட்டியோடு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. அதில் இரண்டு 'தொடாதே', 'தொடாதே'. சத்தம் கேட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் அனுப்பின கார்டுகளைச் சாமி படத்துக்கு மேலே ஒட்டிவைத்தான். நான் விளக்கேற்றி ஜாவாவையும் கும்பிட்டுக்கொண்டேன்.

போன வருஷம் ஸ்டேஷன் தொடங்கியபோது மைக்கைச் சரிபார்க்க ஒன்று முதல் பத்துவரை எண்ணினான். ஊருக்குக் கேட்க அவன் பேசினது அவ்வளவுதான். இப்போது அவனுக்காக ஐந்து நிமிஷம்.

தாளின் நடுவில் ஒரு வரி: 'யுத்தம் தொடங்கியதும் தம் கருவிகளை மனமுவந்து சர்க்காரிடம் ஒப்படைத்தார்.'

அதற்கு மேல் வாசிக்கவில்லை.

ஐப்பசி 6, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

யுத்தம் வந்ததும் இப்படிப் பேசும் பெட்டி வைத்திருந்த எல்லாருக்கும் கடிதம் வந்தது, கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி. நம்பியும் பெட்டியை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். அதற்குள் நான் சாலைக்கடையில் வாழைக்காய்க்காரியிடம் சொன்னேன்: "எங்க நம்பி ஜெர்மன்காரன்கிட்ட தெனம் பேசுவான். வாழைக்கா வெலை அங்கே இதைவிடக் கொறைவாம்."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் பை பிடித்து நின்ற பொம்பிளை மட்டும் சிரிக்கவில்லை. அவள் போலீஸ்காரன் பெண்டாட்டி என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் ஆறு போலீஸ். பெட்டியை உடைத்து அள்ளினார்கள். கார்டுகளைச் சுவரோடு சுரண்டினார்கள். நம்பி பதினோரு நாள் லாக்கப்பில் இருந்தான், குற்றம் ஒன்றும் இல்லை என்று பிறகு விட்டார்கள். வந்தபோது இடது காது கேட்கவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவனுக்கு!

கம்பி தன் கூரைமேல் போகிறது என்று அடுத்த வீட்டு முத்தாரம்மாள் அதற்கு முன் சண்டை போட்டிருந்தாள். ஆகவே போலீஸில் சொல்லிக்கொடுத்தது அவள்தான் என்று சிவகாமி முடிவு கட்டினாள். ஐந்து வருஷமாகப் பேச்சு இல்லை, நெருப்பு கொடுக்கல் வாங்கல்கூட இல்லை. நானும் கூடச் சேர்ந்து முகத்தைத் திருப்பினேன். அதுதான் கேவலம்.

ஐப்பசி 8, செவ்வாய்

சூப்பிரண்டிடம் போய் அந்த ஒரு வரியை மாற்றச் சொன்னேன். யுத்தகாலத்தில் போலீஸ் என்ற வார்த்தையே வரக்கூடாதாம். தாளில் சிவப்பு முத்திரை குத்தியாயிற்றாம், இனி புள்ளிகூட மாறாதாம்.

வெளியே நம்பியின் உதவியாள் வேலப்பன் நின்றான். தலை நரைத்த ஆள்.

"முத்திரை இல்லாத வார்த்தை வந்தா நான் சுவிச்சை அணைக்கணும் அக்கா. அதுதான் என் சோலி."

"அணைப்பியா?"

"அணைக்கணும்" என்றான். நான் கேட்டது அதுவா?

ஐப்பசி 9, புதன்

வீட்டிலேயே சொல்லிவிடலாம் என்று சிவகாமி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன மைனி, உளுந்து ஊறப் போட்டாச்சா?" என்றாள். போட்டாச்சு என்று எழுந்து வந்தேன். ஊருக்கெல்லாம் வாய், இதற்கு உளுந்து.

ஐப்பசி 12, சனி

நேற்று நடந்தது. மைக் என்பது கரண்டியைக் குத்தவைத்த மாதிரி இருக்கிறது. கண்ணாடிக்கு அப்புறம் வேலப்பன், சுவிச்சில் கை. அவன் பின்னால் சூப்பிரண்டு.

மடி, நாட்டம், எல்லாம் வாசித்தேன். 'மனமுவந்து' வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"இது பொய்யாக்கும். அவன் கட்டி வச்சிருந்தான், கொடுக்குமுன்னே வந்து ஒடைச்சாங்க. பதினோரு நாள் அடைச்சும் போட்டாங்க. சொல்லிக்கொடுத்தது முத்தாரம்மா இல்லே. அவ மேலே ஒரு குத்தமும் இல்லே. நான்தான். வாழைக்கா வாங்கப்போன எடத்திலே, நாலு பேரு சிரிக்கணும்னு."

சூப்பிரண்டு குதித்தார். வேலப்பன் ஒயர் லூசாக இருக்கிறதா பார்க்க மேஜைக்கடியில் குனிந்தான். நான் முடிக்கிறவரை நிமிரவில்லை.

"இனி இந்தப் படி ஏறண்டா!" என்றார் சூப்பிரண்டு.

"வீடு தேடி வந்து விளிச்சது நீங்கதானே?"

வேலப்பனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதமாம். ஒயர் மேல் பழி போட்டு எழுதிக்கொடுத்திருக்கிறான். நம்பியிடம் தொழில் நன்றாகத்தான் படித்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தேன். சிவகாமி ரேடியோவை அணைத்து அதன்மேல் துண்டு போட்டு மூடியிருந்தாள். "கேட்டியா?" என்றேன். சுவரைப் பார்த்தாள். ஏட்டி, திட்டு, ரெண்டு வார்த்தை திட்டேன், நான் செத்தா போவேன்?

ஐப்பசி 15, செவ்வாய்

சோறு போடுகிறாள். வாய் மட்டும் இல்லை.

ஐப்பசி 20, ஞாயிறு

காலையில் வாசலில் முத்தாரம்மாள். கும்பிட்டேன்.

"கும்பிடாதே தங்கபாய், எரிச்சலா வருது. அஞ்சு வருஷம் என் பேரு நாறிச்சு. அதைக் கழுவ ஒனக்கு வீட்டுவாசல் போதாதா, ரேடியோவா வேணும்? கொல்லத்திலே இருக்கிற என் சம்மந்திக்குத் தெரியாம இருந்துது. இப்ப அவளும் கேட்டாச்சு."

அப்போது உள்ளேயிருந்து சிவகாமியின் சத்தம், ஐந்து வருஷத்துக்குப் பிறகு முத்தாரம்மாளிடம் முதல் பேச்சு:

"முத்தாரம்மக்கா, உள்ளே வாங்க. அப்படியே அங்கே நிக்காங்களே, அவங்ககிட்டயும் சொல்லுங்க, சோறு ஆறிப்போகுதுன்னு."

முத்தாரம்மாள் ஒரு முழத் தூரத்தில் நின்ற என்னிடம் திரும்பினாள். "சோறு ஆறிப்போகுதாம்."

"வாறேன்னு சொல்லு" என்றேன்.

"வாறாளாம்" என்றாள் உள்ளே பார்த்து.

போய்ச் சாப்பிட்டேன். குழம்பில் உப்பு கூடுதல். எனக்கு ஊற்றினதில் மட்டும்.